பழைய ஒலிம்பிக் அரங்குகளைப் பார்க்கப் போகிறீர்களா? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆளில்லாத ஸ்டேடியத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள் இருக்கும், நடுவில் ஒரு புல்தரை இருக்கும். டிக்கெட் வாங்கி உள்ளே போய், பத்து நிமிடம் சுற்றி, நாலு படம் எடுத்துக்கொண்டு, 'இவ்வளவுதானா' என்று திரும்பியவர்கள் ஏராளம். அதே இடத்தில் அரை நாளைக் கழித்துவிட்டு மனமில்லாமல் வெளியே வருகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையினர் ஒரு குறிப்பிட்ட போட்டியைத் தேடி வந்தவர்கள். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். இந்த வழிகாட்டி உங்களை அந்த வகையில் சேர்ப்பதற்காக எழுதப்பட்டது.

படி 1: முதலில் போட்டி, பிறகுதான் ஊர்

பெரும்பாலோர் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'இங்கே ஒலிம்பிக் ஸ்டேடியம் இருக்கிறதாமே, அதையும் பார்த்துவிடலாம்' என்று கிளம்புகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் மனதில் நிற்கும் ஒரு வீரரை, ஒரு பந்தயத்தை எடுத்துக்கொண்டு, அது நடந்த இடம் எது என்று தேடுங்கள். விடை பல நேரம் ஆச்சரியம் தரும்.

1976 மான்ட்ரியல் என்றதும் நாடியா கோமனெச்சி நினைவுக்கு வருவார். ஜிம்னாஸ்டிக்ஸில் அவர் முழு 10 புள்ளி வாங்கியபோது, அதைக் காட்ட வழியில்லாத மதிப்பெண் பலகை 1.00 என்று காட்டியது. ஆனால் அது நடந்தது, சாய்ந்த கோபுரத்தோடு நிற்கும் அந்தப் பெரிய ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் அல்ல. நகரின் வேறொரு பகுதியில் இருந்த மான்ட்ரியல் ஃபோரம் என்ற ஐஸ் ஹாக்கி அரங்கில் நடந்தது. அந்த ஃபோரம் இன்று சினிமா தியேட்டரும் கடைகளுமாக மாறிவிட்டது. ஸ்டேடியத்தில் போய் நாடியாவைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

ரோம் இன்னும் சுவையான ஊர். 1960இல் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளைக் கரகல்லா குளியல் மாளிகையின் இடிபாடுகளுக்கு நடுவே நடத்தினார்கள். மல்யுத்தம் மாக்ஸென்டியஸ் பசிலிக்காவின் வளைவுகளின் கீழ் நடந்தது. வெறுங்காலோடு ஓடிய எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா, இரவு வெளிச்சத்தில் மாரத்தானை முடித்தது கான்ஸ்டன்டைன் வளைவின் அருகே. கொலோசியத்தைப் பார்க்க வருகிற அத்தனை பேரும் அந்த இடத்தைக் கடந்துதான் போகிறார்கள். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. மில்கா சிங் 400 மீட்டரில் நான்காவதாக வந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் நகரின் வடக்கே ஃபோரோ இத்தாலிகோ வளாகத்துக்குப் போக வேண்டும்.

பெயரை நம்பியும் போகக் கூடாது. சியோலில் 'ஒலிம்பிக் பூங்கா' என்ற இடத்தில் சிற்பங்கள் இருக்கின்றன, உள்விளையாட்டு அரங்குகள் இருக்கின்றன, பேக்ஜே அரசு காலத்து மண்கோட்டை ஒன்றுகூட இருக்கிறது. ஆனால் 1988இன் தடகளம் நடந்த முதன்மை ஸ்டேடியம் அங்கே இல்லை. அது சில கிலோமீட்டர் மேற்கே ஜாம்சிலில் இருக்கிறது.

படி 2: அந்தக் கட்டடம் இன்னும் அதே கட்டடமா?

அடுத்த வேலை இது. பழைய அரங்குகளின் தலைவிதி பல வகை.

சில அடியோடு போய்விட்டன. 1948 ஹாக்கியில் பிரிட்டனை 4-0 என்று வென்று சுதந்திர இந்தியா தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியது லண்டன் வெம்ப்ளியில். இன்று வெம்ப்ளியில் நிற்பது 2007இல் திறக்கப்பட்ட புதிய ஸ்டேடியம், பழையதை இடித்துவிட்டார்கள். டோக்கியோவின் 1964 தேசிய ஸ்டேடியத்துக்கும் 2015இல் அதே கதி. ஆனால் அதே ஊரில், கென்சோ டாங்கே வடிவமைத்த யோயோகி அரங்கம் தொங்கும் கூரையோடு இன்றும் நிற்கிறது. 1964இல் நீச்சல் நடந்த அங்கே, 2021இல் ஹேண்ட்பால் நடந்தது. டோக்கியோவில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் யோயோகிக்குப் போங்கள்.

சில பாதி உண்மை. பார்சிலோனாவின் மோன்ஜுயிக் குன்றில் இருக்கும் ஸ்டேடியத்தின் முகப்பு 1929ஆம் ஆண்டினுடையது. 1992க்காக உள்ளே முழுவதையும் புதிதாகக் கட்டினார்கள். ரோமின் ஒலிம்பிக் ஸ்டேடியமும் 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஏறக்குறைய மறுபிறவி எடுத்தது. இப்படிப்பட்ட இடங்களில் எது பழையது, எது புதியது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டால், 1990இல் கட்டிய சுவரைத் தொட்டு 1960ஐ நினைத்து உருகும் சங்கடம் வராது.

சில வேறு வேலைக்குப் போய்விட்டன. மான்ட்ரியலின் சைக்கிள் பந்தய அரங்கம் 1992இலிருந்து பயோடோம் என்ற பெயரில் உயிரினக் காட்சியகமாக இருக்கிறது. பெய்ஜிங்கில் 2008இல் நீச்சல் நடந்த 'நீர்க்கனசதுரம்' (வாட்டர் கியூப்) என்ற அரங்கில் 2022 குளிர்கால ஒலிம்பிக்கின்போது பனித்தளம் அமைத்து, அதில் கல்லைச் சறுக்கவிடும் கர்லிங் ஆட்டத்தை நடத்தினார்கள்.

கைவிடப்பட்டவையும் உண்டு. இணையத்தில் புல் முளைத்த நீச்சல் குளங்களின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் படங்களில் பல பழையவை. ஏதென்ஸ் 2004இன் ஹெல்லினிகோ பகுதி இப்போது பெரிய கட்டுமானத் திட்டமாகிவிட்டது. வேலி தாண்டிக் குதிப்பது சட்டப்படி குற்றம். இடிந்த கான்கிரீட்டின் மேல் நடப்பது அதைவிட மோசமான யோசனை.

படி 3: தேதியும் டிக்கெட்டும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பயணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பழைய ஒலிம்பிக் ஸ்டேடியங்களில் பல இன்று கால்பந்துக் கழகங்களின் சொந்த மைதானங்கள் அல்லது பெரிய இசை நிகழ்ச்சிகளின் மேடைகள். போட்டி நாளில் மட்டுமல்ல, மேடை கட்டும் நாட்களிலும் பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஆகவே விமான டிக்கெட் எடுக்கும் முன்பே ஸ்டேடியத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். புதுப்பிப்புப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் மூடுவதும் இந்தக் கட்டடங்களுக்குப் பழக்கம். பயண நூல்களிலும் பழைய கட்டுரைகளிலும் இருக்கும் திறப்பு நேரத்தை நம்பாதீர்கள்.

தனியாகச் சுற்றுவதா, வழிகாட்டியோடு போவதா? உடைமாற்றும் அறை, வீரர்கள் வெளியே வரும் சுரங்கவழி, தடகளப் பாதையின் ஓரம் ஆகியவை பெரும்பாலும் வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு மட்டுமே திறக்கும். அவை வேண்டுமென்றால் அந்த டிக்கெட்டையே எடுங்கள். ஆங்கிலச் சுற்றுக்கு நாளில் சில நேரங்கள்தான் ஒதுக்கியிருப்பார்கள். முன்பதிவு செய்துவிடுவது நல்லது. பெரிய பைகளை வாசலிலேயே நிறுத்துவார்கள், ட்ரோனுக்கு அனுமதி இராது.

படி 4: போட்டியின் படத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்

கிளம்புவதற்கு முந்தைய இரவு, தேர்ந்தெடுத்த போட்டியின் காணொளியை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பந்தயத்துக்காக. இரண்டாம் முறை பின்னணிக்காக. கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது, கோபுரம் எங்கே தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனியுங்கள். ஒரு நல்ல காட்சியைக் கைப்பேசியில் நிறுத்திப் படமாக எடுத்துவைத்துக்கொண்டால், அங்கே போய் அதே கோணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

தடகளத்துக்கு ஓர் எளிய கணக்கு: ஓட்டங்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடக்கும். முதன்மைப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து மைதானத்தைப் பார்த்தால், உங்கள் முன்னால் வீரர்கள் இடமிருந்து வலமாக ஓடுவார்கள். முடிவுக் கோடு உங்கள் வலது கைப் பக்கம், நேர்ப்பாதை வளையத் தொடங்கும் இடத்தில் இருக்கும். 100 மீட்டர் ஓட்டமும் இதே பக்கம்தான். இந்த ஒன்று தெரிந்தாலே எந்த ஸ்டேடியத்திலும் சரியான நாற்காலியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

விதிவிலக்கு ஏதென்ஸின் பானதினாய்க் மைதானம். முதல் நவீன ஒலிம்பிக் நடந்த 1896இல் அங்கே கடிகாரத் திசையில் ஓடினார்கள். முழுவதும் பளிங்கால் ஆன, லாட வடிவ மைதானம் அது. வளைவுகள் அவ்வளவு குறுகலானவை. வேகமாக வரும் ஒருவர் அங்கே எப்படித் திரும்பியிருப்பார் என்று நீங்களே நடந்து பார்த்தால்தான் புரியும். கிரேக்கத்தின் ஸ்பிரிடோன் லூயிஸ் மாரத்தானில் முதலாவதாக நுழைந்தபோது இரண்டு இளவரசர்கள் கீழே இறங்கி அவரோடு சேர்ந்து ஓடினார்கள். அரச குடும்பத்துக்கான பளிங்கு ஆசனங்கள் வளைவில் இன்றும் இருக்கின்றன, உட்கார்ந்து பார்க்கலாம். அடியில் ஒரு சுரங்கவழி போகிறது. அதன் வழியே போனால் பல ஒலிம்பிக்குகளின் தீப்பந்தங்கள் வைத்திருக்கும் கண்காட்சி வரும். பலர் அதைக் கவனிக்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். கோடையில் அந்த வெள்ளைப் பளிங்கு கண்ணைக் கூசவைக்கும். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் அலங்காரத்துக்கு அல்ல.

படி 5: உள்ளே எந்த வரிசையில் நடப்பது: பெர்லின் உதாரணம்

ஒரே ஓர் அரங்கத்தை முறையாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மற்றவை எளிது. அதற்கு பெர்லின் 1936 போல ஏற்ற இடம் வேறு இல்லை. சங்கடமான இடமும் அதுதான்.

யூ2 சுரங்க ரயிலிலோ எஸ்-பான் ரயிலிலோ போய் இறங்கலாம். உடனே உள்ளே ஓட வேண்டாம். வெளியே நின்று பாருங்கள்: இவ்வளவு புகழ்பெற்ற ஸ்டேடியம் இவ்வளவு குட்டையா என்று தோன்றும். உள்ளே நுழைந்ததும் காரணம் தெரியும். மைதானம் தரைமட்டத்திலிருந்து 12 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பாதி ஸ்டேடியம் பூமிக்குள். இந்த அதிர்ச்சியை வடிவமைப்பாளர் வெர்னர் மார்ச் வேண்டுமென்றே வைத்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

மேல் வளையத்திலேயே ஒரு முழுச் சுற்று வாருங்கள். மேற்குக் கோடியில் வட்டம் திடீரென்று வெட்டுப்பட்டு, வானம் தெரியும். அதுதான் மாரத்தான் வாசல். ஒலிம்பிக் தீ எரிந்த கொப்பரை அங்கே நிற்கிறது. அதன் சுவர்களில் 1936இல் வென்றவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஓவன்ஸ் என்ற பெயரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம் என்று நான்கு தங்கம் வென்ற கறுப்பின அமெரிக்கர். ஆரிய இனமே உயர்ந்தது என்று காட்டுவதற்காக ஹிட்லரின் ஆட்சி நடத்திய விழாவில், அந்த ஆட்சி கட்டிய சுவரிலேயே அவர் பெயர் நிற்கிறது. ஸ்டேடியத்துக்கு வெளியே ஒரு சாலைக்கும் இன்று அவர் பெயர்தான்.

பிறகு தெற்குப் பக்கம் போனால் பெரிய மணி ஒன்று தரையில் வைக்கப்பட்டிருக்கும். 'உலக இளைஞர்களை அழைக்கிறேன்' என்று ஜெர்மன் மொழியில் விளிம்பில் எழுதியிருக்கும். 1947இல் பிரிட்டிஷ் ராணுவம் மணிக்கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது விழுந்து விரிசல் விட்ட மணி இது. அருகே போய்ப் பாருங்கள்: ஓரிடத்தில் குண்டு துளைத்த ஓட்டை இருக்கும், நாஜிச் சின்னம் இருந்த இடத்தைச் சிதைத்து மறைக்க முயன்ற தடமும் தெரியும். ஸ்டேடியம் முழுவதிலும் எனக்கு இந்த மணியைவிட முக்கியமான பொருள் எதுவும் படவில்லை. மணிக்கோபுரத்தை 1962இல் மீண்டும் கட்டினார்கள். மேலே ஏறினால் வளாகத்தின் முழு வரைபடமும் காலடியில் விரியும்.

அந்த வளாகத்திலேயே தனியாக ஒரு ஹாக்கி மைதானம் இருக்கிறது. 1936 ஆகஸ்ட் 15 அன்று தியான் சந்த் தலைமையில் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்தது இங்கேதான். முந்தைய நாள் பெய்த மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதிப் போட்டி அது. பெரிய ஸ்டேடியத்தில் நின்று 'தியான் சந்த் இங்கேதான் ஆடினார்' என்று படம் போடுகிறவர்களைப் பார்த்தால், முதல் படியைத் தவறவிட்டவர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்த வரிசையை எங்கும் பின்பற்றலாம்: வெளித்தோற்றம், மேல் வளையம், தீக்கொப்பரை, வென்றவர்களின் பெயர்ப்பலகை, கடைசியாக முடிவுக் கோட்டுக்கு எதிரே ஒரு நாற்காலி. உட்கார்ந்த பிறகு கைப்பேசியில் அந்தப் பந்தயத்தைப் போடுங்கள்.

அளவுகளையும் கவனியுங்கள். ஹெல்சிங்கி ஸ்டேடியக் கோபுரத்தின் உயரம் 72.71 மீட்டர். 1932இல் ஃபின்லாந்தின் மட்டி யார்வினென் ஈட்டி எறிதலில் தங்கம் வென்ற தூரமும் அதுவே. கோபுர உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தால், ஒருவர் ஈட்டியை எவ்வளவு தூரம் எறிந்தார் என்பது கண்ணுக்கு அளவாகத் தெரியும். 1952இல் கே.டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கியதும் இந்த ஊரில்தான், ஆனால் அது வேறு கட்டடம். மெஸ்ஸுஹல்லி என்று அன்று பெயர்.

மெக்சிகோ நகரில் அளவு உடம்பிலேயே தெரியும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். பல்கலைக்கழக ஸ்டேடியத்தின் படிகளில் வேகமாக ஏறினால் மூச்சு வாங்கும். அந்த மெல்லிய காற்றில்தான் 1968இல் பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். போய் இறங்கிய முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

படி 6: பார்ப்பதை விடுங்கள், இறங்குங்கள்

ஒலிம்பிக் அரங்குகளில் எனக்கு மிகவும் பிடித்தவை, பொதுமக்களை உள்ளே இறங்கவிடுபவை. மியூனிக்கில் 1972இல் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வென்ற நீச்சல் குளத்தில், நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு யாரும் நீந்தலாம். லண்டனில் ஸாஹா ஹடீத் வடிவமைத்த 2012 நீச்சல் அரங்கமும் அப்படியே. நீச்சலுடை, துண்டு, பூட்டு ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். போட்டித் தடத்தில் நீந்துகிறவர்களின் வேகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஏற்ற தடத்தில் இறங்குங்கள்.

அமெரிக்காவின் லேக் பிளாசிடில் 1980இல் எரிக் ஹைடன் ஐந்து தங்கம் வென்ற திறந்தவெளிப் பனித்தடத்தில் குளிர்காலத்தில் பொதுமக்கள் சறுக்கலாம். நார்வேயின் லில்லேஹாமரில் 1994இன் பாப்ஸ்லெட் (பனித்தடத்தில் வேகமாக இறங்கும் சறுக்குவண்டி) தடத்தில் அனுபவமுள்ள ஓட்டுநரோடு உட்கார்ந்து இறங்கலாம். கோடையில் சக்கரம் வைத்த வண்டி. கழுத்து, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடக் கூடாது.

பனித்தாவல் (ஸ்கீ ஜம்பிங்) மேடைகளுக்குக் கோடையே நல்ல பருவம். லில்லேஹாமரின் மேடைக்கு ஓரமாக 936 படிகள். ஏற முடியாதவர்களுக்கு நாற்காலி லிஃப்ட் இருக்கிறது. ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக்கின் பெர்கீசல் மேடை உச்சியில் நின்றால், தாவுகிறவரின் கண்ணுக்கு நேரே கீழே ஒரு கல்லறைத் தோட்டம் தெரியும். தொலைக்காட்சியில் இதை ஒருபோதும் உணரமுடியாது.

படி 7: துக்கம் தங்கிய இடங்கள்

மியூனிக் ஒலிம்பிக் பூங்கா அழகானது. கண்ணாடிக் கூடாரம் போன்ற கூரை, ஏரி, போரில் இடிந்த வீடுகளின் சிதைவுகளைக் குவித்து உருவாக்கிய குன்று என்று நாள் முழுக்கச் சுற்றலாம், பூங்காவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் 1972 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தாக்குதலில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேரும் ஒரு ஜெர்மன் போலீஸ்காரரும் உயிரிழந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் சொல்லும் நினைவிடம் 2017இல் புல்மேட்டைக் குடைந்து அமைக்கப்பட்டது. முதலில் அங்கே போய்விட்டு, பிறகு கூரையைப் படம் எடுங்கள். பிணைக்கைதிகளைப் பிடித்துவைத்திருந்த கொனோலி தெரு 31ஆம் எண் வீட்டின் முன்னும் நினைவுக் கல் இருக்கிறது. சுற்றிலும் மக்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னல்களுக்கு நேரே கேமராவைத் தூக்க வேண்டாம்.

போஸ்னியாவின் சரயேவோவில் 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் பாப்ஸ்லெட் தடம் ட்ரெபெவிச் மலையில் கிடக்கிறது. 1990களின் போஸ்னியப் போரில் நகரம் முற்றுகையிடப்பட்டபோது அது போர்முனையாக இருந்தது. இன்று வளைந்து வளைந்து இறங்கும் அந்தக் கான்கிரீட் வாய்க்கால் முழுக்க வண்ணச் சித்திரங்கள். 2018இல் மீண்டும் ஓடத் தொடங்கிய கேபிள் காரில் மேலே போய், தடத்துக்குள்ளேயே நடந்து இறங்குவதுதான் எல்லோரும் செய்வது. மழை பெய்திருந்தால் வழுக்கும். தடத்தையும் குறியிட்ட பாதையையும் விட்டுக் காட்டுக்குள் காலெடுத்து வைக்காதீர்கள். போர்க்காலக் கண்ணிவெடி அபாயம் போஸ்னிய மலைகளில் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. நகருக்குள், பனிச்சறுக்கு நடனம் நடந்த ஸெட்ரா அரங்கத்தின் பக்கத்து மைதானம் முற்றுகையின்போது இடுகாடானது. அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 8: ஒலிம்பியா, எல்லாவற்றுக்கும் மூத்தது

கிரேக்கத்தின் ஒலிம்பியாவை 'பழைய அரங்கம்' என்ற கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. ஆனால் 2004இல் குண்டு எறிதல் போட்டி இந்த மைதானத்தில்தான் நடந்தது. பழங்காலத்தில் பெண்கள் போட்டியிட முடியாத அந்த மண்ணில் பெண்களும் வந்து எறிந்தார்கள்.

உள்ளே போகும் வழியிலேயே இடது பக்கம் வரிசையாகக் கல் பீடங்கள் இருக்கும். ஏமாற்றிப் பிடிபட்ட வீரர்கள் கட்டிய அபராதத்தில் செய்த சியூஸ் வெண்கலச் சிலைகள் நின்ற இடம் அது. குத்துச்சண்டையில் எதிரிகளுக்கு லஞ்சம் கொடுத்துப் பிடிபட்ட யூபோலஸ் என்பவரிடமிருந்து கி.மு. 388இல் இந்த வழக்கம் தொடங்கியது. மைதானத்துக்குள் நுழையும் ஒவ்வொரு வீரனும் இந்த வரிசையைக் கடந்துதான் போயாக வேண்டும். அதைத் தாண்டி வளைவுச் சுரங்கவழியில் நுழைந்தால் மைதானம். ஓடத் தொடங்கும் இடத்தில் கல் பட்டை பதித்திருக்கும். அதில் இரண்டு நீள வரிப்பள்ளங்கள், கால்விரல்களைப் பதித்துக்கொள்ள. முனையிலிருந்து முனைக்கு 192.27 மீட்டர். ஓடிப் பார்க்கத் தடையில்லை. செருப்போடு ஓடாமல் ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

மைதானத்தில் நிழல் இல்லை. ஆகவே கோடையில் திறக்கும் நேரத்துக்கே போய் மைதானத்தையும் கோயில் இடிபாடுகளையும் முடித்துவிட்டு, வெயில் ஏறியபின் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை வாசலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.